ரொட்டி மாவைத் தாங்கும் ஸ்டாண்ட் மிக்சர்: இரண்டு இயந்திரம், ஐந்து வருடப் பழக்கம்

வாரத்துக்கு இரண்டு முறை ரொட்டி சுடுகிறேன். ஒவ்வொரு முறையும் ஒரு கிலோ மாவு, 650 மில்லி தண்ணீர், உப்பு, ஈஸ்ட். நான் முதலில் வாங்கிய ஸ்டாண்ட் மிக்சர் (மேலே மோட்டார் உள்ள தலை, கீழே கிண்ணம், நடுவே மாவு பிசையும் கொக்கி) இந்த மாவை 14 மாதம் பிசைந்தது. அப்புறம் ஒரு நாள் காலை, பிசைய ஆரம்பித்த ஆறாவது நிமிடம், தலைக்குள்ளிருந்து கடகடவென்று சத்தம். மோட்டார் ஓடுகிறது, கொக்கி நகரவில்லை. மாவைக் கையால் பிசைந்து முடித்துவிட்டு இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு பழுது பார்ப்பவரிடம் போனேன்.

அவர் மேல்மூடியைக் கழற்றி, கறுத்துப்போன கிரீஸைத் துணியால் வழித்தெடுத்தார். அடியிலிருந்து ஒரு வெள்ளை நைலான் பல்சக்கரத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பெரிய பொத்தான் அளவுதான் இருக்கும். பாதிப் பற்கள் புதுசு போல இருந்தன. மீதிப் பாதி மழுங்கி, விரலால் தடவினால் வழுக்கியது.

“பிளாஸ்டிக் பல்லு வைக்கிறது தப்பில்ல தம்பி” என்றார். “சுமை தாங்காதப்போ மோட்டாருக்குப் பதிலா இது போகட்டும்னுதான் வைக்கிறாங்க. ஆனா போனா மாத்துறதுக்கு இந்தப் பல்லு கிடைக்கணும்ல?”

கிடைக்கவில்லை. தயாரித்த நிறுவனத்துக்கு மூன்று முறை எழுதினேன். அந்த மாடலை நிறுத்திவிட்டோம், உதிரி பாகம் இல்லை என்று ஒரே ஒரு பதில் வந்தது. கையகலம்கூட இல்லாத ஒரு பல்சக்கரத்துக்காக ஆறு கிலோ இரும்பும் மோட்டாரும் மூலைக்குப் போனது. இன்றைக்கு யார் என்னிடம் எந்த மிக்சர் வாங்கலாம் என்று கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: உதிரி பாகப் பட்டியல் வெளிப்படையாக இருக்கிறதா என்று பாருங்கள். பல்சக்கரம், மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ், கிண்ணம், கொக்கி இந்த நான்கையும் தனித்தனியாக வாங்க முடிகிறது என்றால் அந்த இயந்திரத்தை நம்பலாம்.

அந்த முதல் இயந்திரத்தின் பெட்டியில் 1200 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நான் அதைப் பார்த்துத்தான் வாங்கினேன். வாட் என்பது மோட்டார் இழுக்கும் மின்சாரத்தின் அளவு. கொக்கியின் நுனியில் எவ்வளவு முறுக்கு விசை வந்து சேர்கிறது என்பதை அது சொல்வதில்லை. வேகமாகச் சுற்றும் சின்ன மோட்டாரை வைத்து, பல்சக்கரங்களால் வேகத்தைக் குறைத்துக் கொக்கிக்கு அனுப்பும்போது, வழியில் வெப்பமாகவும் சத்தமாகவும் நிறையப் போய்விடும். பலரும் நம்பிக்கையாக வைத்திருக்கும் கிச்சன்எய்ட் ஆர்ட்டிசன் 4.8 லிட்டர் மாடலின் மோட்டார் 300 வாட்தான். ஆகவே இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் வாட் எண்ணை அருகருகே வைத்து ஒப்பிட்டால் ஒன்றும் தெரியாது. வாட்டுக்குப் பதிலாகக் கையேட்டைத் திறந்து, அதிகபட்சம் எத்தனை கிராம் மாவு, எந்த ஸ்பீடில், தொடர்ந்து எத்தனை நிமிடம் என்று தேடுங்கள். என் பழைய கையேட்டின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில், ரொட்டி மாவுக்கு 5 நிமிடத்துக்கு மேல் ஓட்டக்கூடாது, பிறகு 20 நிமிடம் ஆறவிட வேண்டும் என்று இருந்தது. அதை நான் படித்தது பல்சக்கரம் போன பிறகு.

கிண்ணத்தின் லிட்டர் கணக்கும் அப்படித்தான். 5 லிட்டர் கிண்ணம் என்றால் 5 லிட்டர் மாவு பிசையலாம் என்று அர்த்தமில்லை. கேக் கலவைக்கு அந்தக் கிண்ணம் தாராளம். ரொட்டி மாவு என்றால் கிண்ணத்தில் பாதிக்கு மேல் போனாலே கொக்கியில் ஏறி, கழுத்து வரைக்கும் வந்து ஒட்டிக்கொள்ளும். அதுவும் தண்ணீர் குறைந்த மாவுதான் மோட்டாரை வதைக்கும். ஒரு கிலோ மாவுக்கு 650 மில்லி தண்ணீர் என்பது சாதாரணம். அதையே 550 மில்லி ஆக்கிப் பாருங்கள், பேகல் மாவு மாதிரி கெட்டியாகி, இயந்திரம் முனக ஆரம்பித்துவிடும். முழுக்கோதுமை மாவு இன்னும் கனம். கெட்டி மாவு செய்யும் நாளில் நான் அளவைப் பாதியாக்கி இரண்டு தடவையாகப் பிசைகிறேன்.

இரண்டாவது இயந்திரம் வாங்கும் முன் ஏழெட்டு மாதம் பொறுத்தேன். தெரிந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் மாவை அளந்து எடுத்துக்கொண்டு போய், அவரவர் மிக்சரில் பிசைந்து பார்த்தேன். அதில் கற்றுக்கொண்டது கடை விளக்கத்தில் வராத விஷயங்கள்.

முதலாவது, பீட்டருக்கும் (கலவையைக் கலக்கும் துடுப்பு) கிண்ணத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி. இந்த வகை மிக்சர்களில் பீட்டர் ஒரு திசையில் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு, எதிர்த் திசையில் கிண்ணத்தையும் வலம் வரும். சூரியனைச் சுற்றும் கோள் போல என்று அதற்குக் கோள் இயக்கம் என்றே பெயர். அமெரிக்காவில் ஹோபார்ட் நிறுவனத்தின் பொறியாளர் ஹெர்பர்ட் ஜான்ஸ்டன், ஒரு பேக்கரிக்காரர் இரும்புக் கரண்டியால் மாவைக் கிண்டுவதைப் பார்த்துத்தான் இயந்திரத்தைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தார் என்பார்கள். 1914-ல் பேக்கரிகளுக்கான பெரிய மிக்சர் வந்தது, 1919-ல் அதே யோசனை கிச்சன்எய்ட் என்ற பெயரில் வீட்டுக்குள் வந்தது. நூறு வருடத்துக்கு மேலாகியும் அடிப்படை மாறவில்லை. ஆனால் அந்த வலம் வரும் பாதை கிண்ணத்தின் சுவரை எவ்வளவு நெருங்குகிறது என்பதில்தான் நல்ல இயந்திரமும் மோசமான இயந்திரமும் பிரிகின்றன. இடைவெளி அதிகமானால் அடியில் வெண்ணெய் வட்டமாகத் தங்கிவிடும். நிமிடத்துக்கு ஒரு தடவை நிறுத்தி ஸ்பேட்டுலாவால் வழிக்க வேண்டியிருக்கும்.

இதைச் சோதிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. காலியான கிண்ணத்தின் அடியில் ஒரு சின்ன நாணயத்தைப் போட்டு, பிளாட் பீட்டரை மாட்டி, மிகக் குறைந்த வேகத்தில் ஓட விடுங்கள். பீட்டர் ஒவ்வொரு முறை வரும்போதும் நாணயம் கால் அங்குலத்திலிருந்து அரை அங்குலம் வரை தள்ளப்பட வேண்டும். அசையவே இல்லை என்றால் பீட்டர் உயரத்தில் இருக்கிறது, நாணயம் கிண்ணம் முழுக்க இழுபட்டுச் சுற்றினால் பீட்டர் மிகவும் தாழ்ந்திருக்கிறது. நல்ல இயந்திரங்களில் இதைச் சரிசெய்ய ஒரு திருகாணி இருக்கும். கிச்சன்எய்டின் தலை சாயும் மாடல்களில் அது கழுத்து மடிப்பில் இருக்கிறது, கென்வுட்டில் பீட்டரின் தண்டிலேயே உள்ள நட்டைத் திருகி உயரத்தை மாற்றலாம். திருகாணி இல்லாத இயந்திரத்தை நான் வாங்கமாட்டேன்.

இரண்டாவது, குறைந்த வேகம். எல்லோரும் அதிகபட்ச வேகத்தைப் பார்க்கிறார்கள். மாவு பிசைய வேண்டியது மெதுவாக. என் பழைய இயந்திரத்தில் 1-ல் வைத்தாலே பீட்டர் நிமிடத்துக்கு நூறு சுற்றுக்கு மேல் போனது, உட்கார்ந்து எண்ணினேன். மாவைக் கொட்டிச் சுவிட்சைத் திருப்பியதும் வெள்ளைப் புகை மூஞ்சியில் அடித்தது. இப்போதுள்ளதில் 60 சுற்று, அதுவும் மெல்ல எழும்பி அந்த வேகத்துக்கு வருகிறது. மாவைத் துளிகூடச் சிந்துவதில்லை.

மூன்றாவது, சூடு. கொக்கி உரசுவதால் மாவு சூடாகும். என் சமையலறையில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தபோது, பத்து நிமிடப் பிசைதலில் மாவு 4 டிகிரி ஏறியிருந்தது. பிசைந்து முடியும்போது 24-லிருந்து 26 டிகிரிக்குள் இருந்தால் ஈஸ்ட் நிதானமாக வேலை செய்யும், 30-ஐத் தாண்டினால் மாவு அவசரமாகப் பொங்கி ருசி கெட்டுவிடும். அதனால் தண்ணீரைக் குளிர்வித்து ஊற்றுகிறேன். இயந்திரத்தின் தலையையும் அவ்வப்போது தொட்டுப் பார்க்கிறேன். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியவில்லை என்றால் நிறுத்திவிட வேண்டும்.

அக்காவுக்கும் எனக்கும் இந்த விஷயத்தில் ஒத்துப்போகவே இல்லை. அவள் ரொட்டி பக்கம் போவதில்லை, கேக், குக்கி, மெரிங்கு இவைதான். “எனக்கு ரெண்டு முட்டை வெள்ளைக்கரு நுரைக்கணும்டா, உன் அண்டாவுல அது அடியிலேயே கிடக்கு” என்றாள். அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. என் கிண்ணம் 6.5 லிட்டர், அடி அகலம். இரண்டு வெள்ளைக்கருவை ஊற்றினால் நுரைக்க வைக்கும் கம்பிக் கூண்டான விஸ்க்கின் நுனி மட்டும் நனைகிறது, நுரை வர ரொம்ப நேரம் ஆகிறது. அடி குறுகி, கொஞ்சம் உயர்ந்த கிண்ணம்தான் அவளுக்குச் சரி. சுமார் 5 லிட்டரில் தலை சாயும் வகையை வாங்கினாள். தலையை நிமிர்த்திப் பின்னால் சாய்த்துவிட்டால் வழிப்பதும், சர்க்கரையைச் சேர்ப்பதும், பீட்டரை மாற்றுவதும் சுலபம். ஒன்றே ஒன்று, தலையைச் சாய்க்க மேலே இடம் வேண்டும். வாங்குவதற்கு முன் அலமாரியின் அடிவிளிம்புக்கும் மேடைக்கும் நடுவே டேப் வைத்து அளக்கச் சொன்னேன். தலை நிமிர்ந்த நிலையில் சுமார் அரை மீட்டர் வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொண்டால் போதும்.

நான் வாங்கியது கிண்ணம் ஏறி இறங்கும் வகை. தலை அசையாது, கைப்பிடியைச் சுற்றினால் கிண்ணம் மேலே போகும். மாடல் பெயர் நாட்டுக்கு நாடு மாறுவதால் அதைச் சொல்லாமல் வகையை மட்டும் சொல்கிறேன்: டிசி மோட்டார், உலோகப் பல்சக்கரம், சுருள் வடிவக் கொக்கி, எடை சுமார் 12 கிலோ. மூன்றரை வருடமாக வாரம் இரண்டு முறை ஒரு கிலோ மாவு. எட்டு நிமிடத்தில் மாவு கிண்ணத்தின் சுவரை விட்டுப் பிரிந்து கொக்கியைச் சுற்றி ஒரே உருண்டையாகிறது. அதிலிருந்து ஒரு எலுமிச்சை அளவு கிள்ளி இரண்டு கை விரல்களாலும் மெதுவாக இழுத்தால், ஜவ்வு போல விரிந்து மறுபக்கத்து விரல் நிழலாகத் தெரிகிறது. அந்த நிலை வந்ததும் நிறுத்திவிடுவேன். வெண்ணெய் நிறையச் சேரும் பிரியோஷ் ரொட்டிக்கு இதே நிலை வந்த பிறகுதான் வெண்ணெயைச் சிறு சிறு துண்டாகப் போட ஆரம்பிக்கிறேன். ஒரு துண்டு மறைந்த பிறகு அடுத்தது. இருபது நிமிடம் ஆகும், இயந்திரம் சத்தம் மாறாமல் ஓடுகிறது. இதற்குத்தான் பணம் கொடுத்தேன் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன்.

குறைகளும் உண்டு. கிண்ணம் மேலே இருக்கும்போது பொருள் சேர்க்க இடம் குறுகல், மாவைச் சரிக்க வளைந்த காகிதம் ஒன்றை வைத்திருக்கிறேன். பீட்டரைக் கழற்றாமல் கிண்ணத்தை வெளியே எடுக்க முடியாது, கழற்றும்போது கை முழுக்கக் கிரீம். சத்தம், பழையதைவிடக் கனமான தொனி, அடுத்த அறையில் தொலைபேசியில் பேசுபவருக்குத் தொந்தரவுதான். கூடவே வந்த பிளாட் பீட்டர் பளபளப்பு அலுமினியம். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் ஒரே ஒரு முறை போட்டேன், சாம்பல் நிறமாகி, தொட்ட விரலில் கறுப்பாக ஒட்டியது. கையால்தான் கழுவ வேண்டும் என்று கையேட்டில் இருந்தது. பிறகு துருப்பிடிக்காத எஃகில் அதே பீட்டரை வாங்கிவிட்டேன். வாங்கும்போதே எஃகு கிடைத்தால் அதை எடுங்கள். கூடவே இன்னொரு கிண்ணமும். மஞ்சள்கரு ஒன்றில், வெள்ளைக்கரு ஒன்றில் என்று அடிக்கும் நாளில் நடுவே கழுவித் துடைக்கும் வேலை மிச்சம்.

ரொட்டி மட்டும்தான் செய்வேன் என்கிறவர்களுக்கு ஸ்வீடனின் அங்கர்ஸ்ரம் போன்ற வகையும் இருக்கிறது. 1940-லிருந்து வரும் வடிவம். அதில் கிண்ணமே சுற்றுகிறது, ஓர் உருளை மாவை ஓரத்தில் அழுத்திப் பிசைகிறது. மேலே தலையே இல்லாததால் கிண்ணம் முழுக்கத் திறந்திருக்கும், மாவு சூடாவதும் குறைவு. ஒரு நண்பர் வீட்டில் இரண்டு தடவை பிசைந்தேன், மாவு அருமையாக வந்தது. ஆனால் உருளையை எவ்வளவு தள்ளி வைப்பது என்று கை பழக நாள் எடுக்கும் போலிருந்தது, எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

மாதம் ஒருமுறை கேக் செய்பவர் ஸ்டாண்ட் மிக்சர் வாங்கவே வேண்டாம், நல்ல ஹேண்ட் பீட்டர் போதும். இதை அக்காவிடமும் முதலில் சொன்னேன். வாரம் நாலு கேக் செய்கிறேனே என்றாள், சரி என்று விட்டுவிட்டேன். வாங்கினால் மேடைமேல் நிரந்தரமாக ஓர் இடம் கொடுத்துவிடுங்கள். 12 கிலோவைக் கீழ்த்தட்டிலிருந்து வாரம் இரண்டு முறை தூக்கி வைக்க யாருக்கும் மனம் வராது.

போன வாரம் அக்கா முதல்முறையாக ரொட்டி சுட்டுப் பார்க்கிறேன் என்று கூப்பிட்டாள். அவள் இயந்திரத்தில் 500 கிராம் மாவு போட்டு, கையேட்டில் சொன்னபடி 2-ல் வைத்தோம். ஆறாவது நிமிடம் தலை லேசாகக் குதிக்க ஆரம்பித்தது. பூட்டைச் சரிபார்த்தேன், பூட்டியேதான் இருந்தது. நிறுத்தி, மாவில் இரண்டு ஸ்பூன் தண்ணீர் தெளித்து, பத்து நிமிடம் மூடி வைத்துவிட்டு மறுபடி ஓடவிட்டோம். குதிக்கவில்லை. அவள் மாவைக் கிள்ளி ஜன்னல் வெளிச்சத்தில் இழுத்துப் பார்த்தாள்.