மீன்காரர் ஹாரனும் எட்டுக் கம்பி மாண்டலினும்

மார்த்தாண்டத்து நண்பன் போன வாரம் போனில் கூப்பிட்டான். "நீ வச்சிருக்கிய அதே மாடல், விலை எறங்கிருக்கு. வாங்கட்டா மக்கா?" கேட்பதற்கு நல்ல நேரம் பார்த்தான். ரிப்பேர் கடையிலிருந்து திரும்பி வந்த மாண்டலினை மடியில் வைத்துக்கொண்டு நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த நேரம் அது. அவனுக்குப் போனில் சொன்னது பாதி. மீதியை இங்கே எழுதிவிடுகிறேன்.

வாங்கி நாலு வருஷம் ஆகிறது. எஃப் வடிவம், ஸ்ப்ரூஸ் மர முகப்பு, மேப்பிள் மர முதுகு, வயலின் போல இரண்டு எஃப் துளை. அமெரிக்காவின் கிப்ஸன் கருவிக் கம்பெனியில் லாயிட் லோர் என்பவர் 1922 வாக்கில் கொண்டுவந்த எஃப்-5 மாடலின் சாயல்தான் இன்றைக்கும் இந்த வடிவத்தில் வரும் எல்லாவற்றுக்கும். இடது தோளில் நத்தைபோல ஒரு சுருள் இருக்கும். அந்தச் சுருளால் ஒலிக்குப் பெரிய லாபம் ஒன்றும் கிடையாது. பெல்ட் மாட்டலாம், அவ்வளவுதான். உண்மையைச் சொன்னால் நான் காசு கொடுத்தது அதற்குத்தான். பெட்டியைத் திறந்ததும் வார்னிஷ் வாசனை வந்தது. வாசிக்கவில்லை, அரைமணி நேரம் அந்தச் சுருளைத் தடவிக்கொண்டே இருந்தேன். வீட்டில் சிரித்தார்கள்.

முதல் இரண்டு வாரம் சொர்க்கம். மூன்றாவது வாரம், இருப்பதிலேயே மெல்லிய இ கம்பி இரண்டும் துரு.

எங்கள் ஊர் மணவாளக்குறிச்சி. மணலில் மோனசைட், இல்மனைட் தாதுக்கள், காற்றில் உப்பு. ஜன்னல் கம்பியையே தின்கிற காற்றுக்கு 0.011 அங்குல எஃகுக் கம்பி எம்மாத்திரம்! தடித்த ஜியும் டியும் வெண்கலம் சுற்றிய கம்பி என்பதால் கருத்துப்போவதோடு நிற்கும். ஏயும் இயும் வெறும் எஃகு. வாசித்து முடித்ததும் பழைய பனியன் துணியால் ஒவ்வொரு ஜோடியாகத் துடைக்க வேண்டும். ஒருநாள் மறந்தால் மறுநாள் விரலில் சொரசொரக்கும்.

அது கிடக்கட்டும். துருவைப் பொறுத்துக்கொள்ளலாம். எனக்குப் பொறுக்காதது சுருதி.

ஜி, டி, ஏ, இ என்று வயலின் மாதிரியே நாலு சுரம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு கம்பி. ஏ ஜோடியில் ஒன்று 440 ஹெர்ட்ஸிலும் (நொடிக்கு 440 அதிர்வு) மற்றது 442லும் நின்றால், நொடிக்கு இரண்டு தடவை "வவ்வவ்" என்று ஒரு அலை எழும். போனில் இருக்கும் ட்யூனர் இரண்டுக்கும் பச்சை விளக்குக் காட்டும், காது ஒத்துக்கொள்ளாது. ஒன்றை இழுத்தால் மரம் லேசாக வளைந்து மற்றது இறங்கும். இ சேர்ந்ததும் ஜி போயிருக்கும். ஜியைப் பிடித்துவிட்டு வந்தால் இ மறுபடி கலைந்திருக்கும். வீட்டில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "எப்பம் பாத்தாலும் திருக்கிட்டேதான் இருக்கிய. பாட்டு எப்பம் வரும்?"

நியாயமாகவும் பேச வேண்டும். இது இந்தக் கருவியின் குறை அல்ல, இரட்டைக் கம்பியின் பிறவிக்குணம். மாண்டலின் என்றதும் நமக்கெல்லாம் நினைவுக்கு வருகிற யூ. ஸ்ரீநிவாஸ் (2014இல் 45 வயதிலேயே போய்விட்டார்) வாசித்தது எலெக்ட்ரிக், அதிலும் ஐந்து ஒற்றைக் கம்பி. சுரத்தை அசைத்து வாசிக்கும் கமகத்துக்காக ஒரு ஜோடியைப் பக்கவாட்டில் இழுத்துப் பாருங்கள், இரண்டும் ஒரே அளவு நகராது. இழுத்துப் பார்த்த அன்றைக்குத்தான் அந்த ஐந்து ஒற்றைக் கம்பியின் அருமை எனக்கு உறைத்தது.

மழைக்காலம் தனிக்கதை. மரக் கருவிக்குக் காற்றில் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் வரை இருந்தால் நல்லது. எங்கள் மாவட்டத்தில் ஜூனில் தென்மேற்கு, அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் அக்டோபரில் வடகிழக்கு. பெட்டிக்குள் கிடக்கும் மீட்டர் 80ஐத் தாண்டி நிற்கும். முகப்பு மரம் உப்பி, கம்பிகளைத் தாங்கும் கட்டையான பிரிட்ஜைத் தூக்கும், கம்பி விரலுக்கு எட்டாத உயரத்தில் நிற்கும். கம்பியைத் தளர்த்திவிட்டு, பிரிட்ஜின் கீழே உள்ள சின்னச் சக்கரத்தைக் கொஞ்சம் திருகி இறக்கினால் சரியாகிவிடும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுகிறேன்.

ரிப்பேர் கடைக்கு வருவோம். கம்பியை முறுக்கும் ட்யூனிங் கீ ஒன்று இறுகிப்போனது, கொடுத்தேன். துரு துடைக்கிறேன் என்று அங்கே எட்டுக் கம்பியையும் ஒரே நேரத்தில் கழற்றிவிட்டார்கள். மாண்டலினில் பிரிட்ஜை ஒட்டியிருக்க மாட்டார்கள். கம்பியின் அழுத்தத்தில்தான் அது நிற்கும். கம்பி மொத்தமும் போனால் பிரிட்ஜும் நகரும். அதனால்தான் ஒவ்வொரு ஜோடியாக மாற்ற வேண்டும். கடைக்காரர்கள் பிரிட்ஜைக் கண்ணளவில் திரும்ப நிறுத்திக் கொடுத்தார்கள். கீழ்ச் சுரங்களில் நன்றாகப் பேசியது, மேலே போகப் போகச் சுருதி புளித்தது. கழுத்தில் பதித்த பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் (உலோகப் பட்டை) மேல் கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எடுக்கும் ஹார்மோனிக்கும், அதே இடத்தில் அழுத்தி எடுக்கும் சுரமும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்தினது ஏறி நின்றால் பிரிட்ஜைப் பின்னால் தள்ள வேண்டும். மயிரிழை மயிரிழையாகத் தள்ளி ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது. கூலியும் வாங்கிக்கொண்டார்கள்.

இத்தனைக்குப் பிறகு, எட்டும் சேர்ந்து நிற்கிற அந்தப் பத்து நிமிஷம் இருக்கிறதே! இரண்டு கம்பி ஒன்றாகும்போது ஒலி இரட்டிப்பதில்லை, மினுங்குகிறது. கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸில் மைக் இல்லாமல் தெருமுனையில் நின்று வாசித்தாலும் கிட்டாரைத் தாண்டிக் கேட்கும்.

நான் எதிர்பார்க்காத ஒன்றும் உண்டு. மழைக்காலம் போக மற்ற நாளில் இது எங்கள் முன்அறைச் சுவரில் தொங்கும். காலையில் மீன்காரர் பைக்கில் வந்து ஹாரன் அடித்து நிறுத்தியதும் சுவரிலிருந்து ஒரு சின்ன முனகல் வரும், யாரும் தொடாமலே. அவர் ஹாரனின் சுரமும் ஏ கம்பியின் சுரமும் ஏறக்குறைய ஒன்று. சுருதி சேர்ந்திருக்கும் நாளில்தான் அது பதில் சொல்லும். அதற்காகவே ராத்திரி சுருதி சேர்த்துவிட்டுப் படுத்த நாட்கள் உண்டு. மீன்காரரிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

நண்பனுக்கு என் பதில்: வாங்காதே. விலை இன்னும் பாதியானாலும் வாங்காதே. ஆசை அடங்காவிட்டால் சுருள் இல்லாத ஏ வடிவத்தை எடு. மார்த்தாண்டத்தில் உப்புக்காற்று குறைவு என்று வாதாடாதே, கம்பி அங்கேயும் எட்டுத்தான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஹாரன் கேட்டது. சாளை வந்திருக்கிறது. சுவரில் சத்தமே இல்லை. இருங்கள், ஏ ஜோடியை மட்டும் பார்த்துவிட்டு வருகிறேன்.