அந்த ரிலேயை அங்கே வைத்தவர் யார்?

மச்சினன் செகண்ட் ஹாண்டில் ஒரு மினிவேன் பார்த்திருக்கிறான். நான் ஓட்டும் அதே மாடல், அதே பெட்ரோல் இஞ்சின். "வாங்கலாமா மாமா?" என்று போனில் கேட்டான். பதில் சொல்ல ஆரம்பித்து, முக்கால்வாசி நேரம் ஒரு ரிலேயை, அதாவது டேங்க்கில் உள்ள பெட்ரோல் பம்புக்குக் கரண்ட் விடும் சின்ன மின்காந்த ஸ்விட்சை, திட்டுவதிலேயே போய்விட்டது. எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

வண்டியைப் பற்றி முதலில். ஏழு பேரை ஏற்றிக்கொண்டு ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் முனகாமல் ஏறும். அம்மா நடு சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து வருவார். மாம்பழ சீசனில் பின் சீட்டை மடக்கினால் கூடைகள் தாராளமாக அடங்கும். இஞ்சினிலும் கியர்பாக்ஸிலும் இதுவரை குறை இல்லை.

குறை ஒன்றுதான், கோடையில் வரும். வெயிலில் மலையேறி, ஏரிப் பக்கம் நிறுத்திவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றும், இஞ்சின் பிடிக்காது. பக்கத்தில் டீ குடித்துவிட்டு வந்தால் எதுவும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். மெக்கானிக் வந்து பார்க்கும்போது டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்ட பிள்ளை மாதிரி நிற்கும். ஒருவர் "பம்ப் போயிருச்சுங்க, டேங்க்க இறக்கணும்" என்றார். ஆயிரக்கணக்கில் செலவு. இன்னொருவர் "டைரக்ட் குடுத்துரலாங்க" என்றார். ரிலேயைத் தாண்டி ஒயரைப் போட்டு பம்புக்கு நேராகக் கரண்ட் விடுவதைத்தான் அப்படிச் சொல்வார்கள். வேண்டவே வேண்டாம் என்றேன். வண்டி எங்காவது மோதி இஞ்சின் நின்றால் இசியு, அதாவது இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், அந்த ரிலே வழியாகத்தான் பம்பை நிறுத்துகிறது. டைரக்ட் கொடுத்த வண்டியில் இஞ்சின் நின்ற பிறகும் பம்ப் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். பிள்ளைகள் உட்காரும் வண்டியில் அந்த வேலை எதற்கு?

சரி, ரிலேயைப் பார்க்கலாம் என்றால் அது எங்கே இருக்கிறது? மேனுவலில் ஃப்யூஸ் பட்டியல் மட்டும் ஒழுங்காக இருக்கிறது. ரிலே பெட்டி க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால். க்ளவ் பாக்ஸைக் கழற்றி, மல்லாந்து படுத்து, தலையைக் கால் வைக்கும் இடத்தில் நுழைத்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டுதான் பார்க்க வேண்டும். உள்ளே ஒரே மாதிரி கறுப்புப் பெட்டிகள் வரிசையாக இருக்கும். எது எதற்கு என்று மூடியில் ஒரு எழுத்துக்கூட இல்லை. இதை வரைந்தவர் ஒரு தடவையாவது அதற்குள் தலையை விட்டுப் பார்த்திருப்பாரா?

ஆனால் கண்டுபிடிக்கும் வழி அழகானது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். மனைவி சாவியை ஆன் நிலைக்குத் திருப்ப, நான் ஒவ்வொரு ரிலே மேலும் விரலை வைத்தேன். ஆன் செய்ததும் சில ரிலேக்கள் 'டிக்' என்று அடித்து அப்படியே நிற்கும். ஒன்று மட்டும் ஏறக்குறைய 2 வினாடி கழித்து இன்னொரு 'டிக்' அடித்து விடும். ஸ்டார்ட் செய்யாவிட்டால் இசியு பம்பை அந்த நேரத்தில் நிறுத்திவிடும் என்பதால் அதுதான் பம்ப் ரிலே. பிள்ளைகளை வாயை மூடச் சொன்னால் நடு சீட்டுக்கு அடியிலிருந்து பம்பின் 'ஊங்' சத்தமும் அதே 2 வினாடிக்குக் கேட்கும். அந்த இரண்டாவது டிக் விரலில் பட்டபோது வந்த சந்தோஷத்தில் கழுத்து வலியே மறந்துவிட்டது.

டிக் கேட்டால் ரிலே நன்றாக இருக்கிறது என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். அது ரிலேக்குள் காந்தமாக மாறும் கம்பிச் சுருள் (காயில்) வேலை செய்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. பம்புக்குக் கரண்டைக் கடத்தும் காண்டாக்ட் முனை கருகியிருந்தாலும் டிக் கேட்கும். மல்டிமீட்டரில் 85, 86 என்று எண் போட்ட காயில் கால்களுக்கு இடையே ஓம்ஸ் (மின்தடை) சரியாகவே காட்டியது. அவற்றுக்கு 12 வோல்ட் கொடுத்ததும் காண்டாக்ட் கால்களான 30க்கும் 87க்கும் இடையே தொடர்பும் வந்தது. குளிர்ந்த ரிலே பொய் சொல்லாமல் என்ன செய்யும்? மனைவியின் ஹேர் டிரையரால் நன்றாகச் சூடேற்றிவிட்டு மறுபடி 12 வோல்ட் கொடுத்தேன். டிக் கேட்டது, தொடர்பு வரவில்லை. மூடியை நெம்பிப் பார்த்தால் காண்டாக்ட் முனை கறுத்து, சாலிடரில் மயிரிழை விரிசல். பம்பில் ஒரு குறையும் இல்லை.

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில் புது ரிலே வாங்கினேன். டேங்கை இறக்குவதற்குச் சொன்ன கூலியோடு ஒப்பிட்டால் காசே இல்லை. ஒன்று மட்டும் கவனம்: பார்க்க அச்சாக ஒரே மாதிரி இருக்கும் சில ரிலேக்களில் 30, 86 கால்கள் இடம் மாறியிருக்கும். மேலே போட்டிருக்கும் படத்தைப் பழையதோடு ஒப்பிட்டுத்தான் வாங்க வேண்டும். உள்ளே டையோடு (கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் சின்னப் பாகம்) உள்ளதா இல்லாததா என்பதையும் அதே படத்தில் பார்த்துக்கொள்ளலாம். மலையில் மாட்டிக்கொண்டால், கால் அமைப்பு ஒன்றாக இருக்கும் பட்சத்தில், ஹாரன் ரிலேயைப் பிடுங்கி இங்கே போட்டு இறங்கி வந்துவிடலாம். ஆனால் அந்த வளைவுகளில் ஹாரன் இல்லாமல் இறங்குவது தனிக் கஷ்டம்.

அதற்குப் பிறகு இந்தக் கோடையில் வண்டி எங்கும் நிற்கவில்லை. சுகமான, நம்பகமான வண்டி. இருந்தாலும் மச்சினனிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன், வேறு ஏதாவது பார் என்று. "அப்போ உங்க வண்டியையாவது குடுங்க மாமா" என்றான். அதை விற்கிற எண்ணமே இல்லை. அவன் பிடிவாதமாக அந்த செகண்ட் ஹாண்ட் வண்டியையே வாங்கினால் ஸ்பேர் ரிலே ஒன்று நானே தருகிறேன். க்ளவ் பாக்ஸை மட்டும் அவனே கழற்றிக்கொள்ளட்டும்.