பைக்கோடு பெர்ரி ஏறுவது: உச்சிப்புளியிலிருந்து பத்து வருட அனுபவம்

எங்கள் ராமநாதபுரம் பக்கத்தில் பைக் எடுத்து ஊர் சுற்றுகிற பையன்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, நாகப்பட்டினத்துக் கப்பல்ல பைக்கை ஏத்திக்கிட்டு யாழ்ப்பாணம் போயிரலாமா?"

முடியாது தம்பி. 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மறுபடி ஓடத் தொடங்கிய அந்தக் காங்கேசன்துறைச் சேவை ஆட்களுக்கானது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு 1914-ல் ஆரம்பித்த கப்பல் 1964 புயலோடு போனது. அதன்பின் ராமேஸ்வரத்திலிருந்து ஓடியதும் 1980-களில் நின்றுவிட்டது. வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல் என்று இருக்கிற நமக்கு, பைக்கை ஏற்றிக்கொண்டு போக இன்று ஒரு பெர்ரி இல்லை. பாம்பன் சாலைப் பாலம் 1988 அக்டோபரில் திறக்கும் வரை அப்பா தன் ராஜ்தூத்தை மண்டபத்தில் ஒரு டீக்கடை ஓரம் நிறுத்திவிட்டு, ரயிலில்தான் ராமேஸ்வரம் தீவுக்குப் போவார். திரும்பி வரும்வரை வண்டி நினைப்பாகவே இருக்கும் என்று சொல்லியிருக்கிறார்.

அதனால் என் பெர்ரி அனுபவமெல்லாம் மேற்குக் கரையில்தான். மதுரை, தேனி, குமுளி வழியாகக் கொச்சியில் இறங்கி, அங்கிருந்து கரையோரமாக வடக்கே போவது என் வழக்கம். முதலில் ஒரு ஸ்பிளெண்டர், இப்போது 350 சிசி புல்லட். சுமையில்லாமலே அது 190 கிலோ வரும். எந்த பெர்ரியில் ஏறலாம், எதில் ஏறக் கூடாது என்று நான் முடிவு செய்வது கட்டணத்தையோ நேரத்தையோ வைத்து இல்லை. ராம்ப், அதாவது வண்டி படகில் ஏறி இறங்குகிற சரிவு, எப்படி இருக்கிறது, ஏறிய பிறகு வண்டியை யார் பிடித்துக்கொள்கிறார்கள், இந்த இரண்டையும் வைத்துத்தான்.

ராம்பிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நான் அடிபட்டது அங்கேதான். நம் வடகடலில், அதாவது பாக் நீரிணைப் பக்கம், ஏற்றவற்றம் (கடல் மட்டம் ஏறி இறங்குவது) முழங்கால் அளவுக்குள் அடங்கிவிடும். காலையில் படகு கட்டிய மட்டத்தில்தான் மாலையிலும் நிற்கும். அந்தக் கண்ணோடு கொங்கண் பக்கம் போனால் ஏமாந்துபோவோம். மும்பையை ஒட்டிய கரையில் மூன்று, நாலு மீட்டர் ஏறி இறங்கும். இன்னும் வடக்கே குஜராத்தின் காம்பே வளைகுடாவில் அது பத்து மீட்டரைத் தொடும். காலையில் சமதளமாகத் தெரிந்த துறை, மத்தியானம் செங்குத்தான சரிவாகிவிடும். அதோடு, தண்ணீர் வடிந்த இடத்தில் கான்கிரீட் முழுக்கப் பாசி.

ஒரு கழிமுகத் துறையில், பெயர் வேண்டாம், அமாவாசைக்கு மறுநாள் நல்ல வற்றத்தில் போய் நின்றேன். முன்னால் ஒரு ஜீப் இறங்கியது. அது போன தடத்திலேயே நானும் இறங்கினேன். முன் பிரேக்கைத் தொட்டதுதான் தெரியும், வண்டி பக்கவாட்டில் படுத்தபடி சறுக்கிப் படகின் இரும்பு விளிம்பில் போய் முட்டியது. கிளட்ச் லீவர் முறிந்தது, என் முழங்கையில் தோல் போனது. படகில் இருந்தவர்கள் ஓடி வந்து தூக்கினார்கள், அவர்கள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சரிவில் மணல் தூவவோ, பாசியைச் சுரண்டவோ அந்தத் துறைக்குப் பொறுப்பானவர்கள் யாரும் மெனக்கெட்டிருக்கவில்லை. வற்றத்தில் பைக்கை இறக்கக் கூடாது என்று ஒரு பலகையும் இல்லை. முறிந்த லீவரோடு முப்பது கிலோமீட்டர் ஓட்டி ஒரு மெக்கானிக்கைக் கண்டுபிடித்தேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அதற்கப்புறம் எங்கே போனாலும் முதலில் நாள்காட்டியைத்தான் பார்க்கிறேன். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வற்றம் மிக ஆழமாக இறங்கும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் குறைவு. நம் கரையில் வலைக்குப் போகிற எவருக்கும் தெரிந்த கணக்குதான் இது. பைக்குக்கும் அதே கணக்கு பொருந்துகிறது. வற்று நேரம் தினமும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், எத்தனை மணிக்குத் துறையில் நிற்க வேண்டும் என்று முந்தின நாளே சொல்லிவிடலாம்.

சரி, ஏறியாயிற்று. அடுத்தது வண்டியை யார் பிடிப்பது.

சின்னக் கடவுகளில் நாமே பிடித்துக்கொள்ளலாம். ஃபோர்ட் கொச்சி–வைப்பின் கடவில் பழைய ஜங்கார் (வண்டி ஏற்றுகிற மிதவை) நாட்களில் ஒருமுறை போயிருக்கிறேன். 2018-ல் ரோ-ரோ படகுகள் (வண்டியை ஓட்டியே ஏற்றி, ஓட்டியே இறக்குகிறவை) வந்த பிறகு எத்தனை முறை என்று கணக்கில்லை. ஐந்து நிமிடம்கூட ஆகாது. கார்களை ஏற்றிவிட்டு இடுக்குகளில் பைக்குகளை விடுவார்கள். வண்டியை விட்டு இறங்காமல், இரண்டு காலையும் ஊன்றி, முன் பிரேக்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பதுதான் சரி. பெரிய கப்பல் ஒன்று அந்த வாய்க்கால் வழியாகக் கடந்தால் அதன் அலை வந்து படகை ஒரு ஆட்டு ஆட்டும். சைடு ஸ்டாண்டை நம்பி போட்டோ எடுக்கப் போனவரின் ஸ்கூட்டர் பக்கத்து வண்டியில் சாய்ந்ததைப் பார்த்திருக்கிறேன். கோவாவில் சோராவ், திவார் தீவுகளுக்குப் போகிற அரசு பெர்ரிகளும் இதே மாதிரிதான். நான் போனபோதெல்லாம் பைக்குக்குக் காசு வாங்கியதில்லை. ஆறு என்பதால் ஆட்டமும் குறைவு. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நான் அங்கேதான் போகச் சொல்வேன்.

கொங்கண் கழிமுகங்கள்தான் எனக்கு ரொம்பப் பிடித்தவை. தாபோல்–தோபாவே கடவு 2003-லிருந்து ஓடுகிறது. அதன்பின் வேஷ்வி–பாக்மாண்ட்லா, அகர்தண்டா–திகி, ஜெய்கட்–தவ்சாள் என்று வரிசையாக வந்துவிட்டன. ஒவ்வொன்றும் ஒரு ஆற்றுவாயைச் சுற்றிப் போகிற நீண்ட மலைப்பாதையை மிச்சப்படுத்துகிறது. இவற்றில் ஏறும்போது ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். பூப்போட்ட இரும்புத் தகட்டில் டீசலும் கடல்நீரும் கலந்து கிடக்கும். முதல் கியரில், பிரேக்கைத் தொடாமல், கால் இரண்டும் கீழே தொங்கும்படி மெதுவாக ஏற வேண்டும்.

நீண்ட கடவு என்றால் கதை வேறு. மும்பை பாவ்சா தக்காவிலிருந்து மாண்ட்வாவுக்கு 2020 மார்ச்சில் தொடங்கிய ரோ-ரோ, அப்போது சாலையில் மூன்று நாலு மணி நேரம் பிடித்த பயணத்தை ஒரு மணி நேரமாக்கியது. அதே வருடம் நவம்பரில் குஜராத்தில் கோகா–ஹசிரா வந்தது. சாலையில் 370 கிலோமீட்டர், கடலில் 90. இந்த மாதிரிக் கப்பலில் வண்டியைக் கீழ்த்தளத்தில் விட்டுவிட்டு நாம் மேலே போய்விடுகிறோம். கை வண்டியில் இல்லை. அதனால் டிக்கெட் எடுக்கும் முன் நான் கேட்பது இதுதான்: பைக்கைக் கட்ட வளையமும் பட்டையும் இருக்கிறதா? கட்டுவது நீங்களா, நானா? தெளிவாகப் பதில் சொல்கிற சேவையில் ஏறுகிறேன். "ஒண்ணும் ஆகாது" என்று சொன்னால், சாலை வழியாகவே போய்விடுவேன்.

எப்படியானாலும் நாலு மீட்டர் படகுக் கயிறு என் பையில் இருக்கும். பாம்பனில் விசைப்படகு ஓட்டிய சித்தப்பா கட்டக் கற்றுக்கொடுத்தார். சைடு ஸ்டாண்டில் நிறுத்தி, முதல் கியரில் போட்டு, சீட்டுக்கு மேல் துணி மடித்து வைத்து, முன் ஷாக் கொஞ்சம் அமுங்குகிற அளவுக்கு இழுத்துக் கட்ட வேண்டும். முன் பிரேக் லீவரை ஹேண்டில்பாரோடு சேர்த்து சைக்கிள் டியூப் வாரால் சுற்றிவிட்டால் வண்டி உருளாது. சென்டர் ஸ்டாண்டு வேண்டாம் என்பது என் முடிவு. தளம் ஆடும்போது வண்டி முன்னால் குதித்து இறங்கிவிடுகிறது.

இங்கே கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கிற மாதங்களில் அங்கே மழையும் பெரிய அலையும். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை நான் நீண்ட கடவுக்குத் திட்டமே போடுவதில்லை. போய்வந்த அன்றே நல்ல தண்ணீரில் வண்டியைக் கழுவிச் செயினுக்கு எண்ணெய் விட வேண்டும். அரிச்சல்முனை வரை போய்வருகிற நமக்கு உப்பைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

யாழ்ப்பாணத்துக்கும் ஒருமுறை போனேன், பைக்கை நாகப்பட்டினத்தில் விட்டுவிட்டு. அங்கே வாடகை ஸ்கூட்டர் எடுத்துக்கொண்டு, காரைநகரிலிருந்து ஊர்காவற்றுறைக்கு மிதவையில் கடந்தேன். அந்த மிதவையை அவர்கள் "பாதை" என்றே சொல்கிறார்கள். "பாதை வருது, வண்டிய எடுங்கோ" என்று ஒரு ஐயா கூப்பிட்டார். அந்தச் சொல் எனக்கு அவ்வளவு பிடித்துவிட்டது. ஸ்கூட்டரில் உட்கார்ந்து, பிரேக்கைப் பிடித்தபடி, அந்தக் கொஞ்ச தூரத் தண்ணீரைக் கடந்தபோது அப்பாவின் ராஜ்தூத்தைத்தான் நினைத்துக்கொண்டேன்.