வீகன் பக்லவா: மார்ஜரினா, தேங்காய் எண்ணெயா?

பக்லவா என்பது மெல்லிய மாவுத் தாள்களுக்கு நடுவே பிஸ்தா மாதிரி கொட்டைகளை வைத்து, நெய் தடவிச் சுட்டு, தேனோ பாகோ ஊற்றும் இனிப்பு. அதை வீகனாக, அதாவது நெய், தேன் என்று விலங்கிலிருந்து வரும் எதுவும் இல்லாமல் செய்து பார்த்தேன். தேன் பிரச்சினை சுலபம்: எலுமிச்சை பிழிந்த சர்க்கரைப் பாகு போதும். நெய்க்கு மாற்று எது என்பதில்தான் தடுமாறினேன்.

முதலில் மார்ஜரின், அதாவது தாவர எண்ணெயில் செய்யும் வெண்ணெய் மாதிரியான கொழுப்பு. பால் பொருள் கலந்ததும் கடையில் இருக்கும், லேபிளைப் படித்து வாங்குங்கள். மணம் வெண்ணெய்க்குக் கிட்ட வந்தது. ஆனால் மார்ஜரினில் தண்ணீரும் உண்டே, ஃபிலோ என்கிற அந்த மாவுத் தாளின் நடு அடுக்குகள் சவசவ என்று ஆகிவிட்டன. உருக்கி, மேலே தெளிந்ததை மட்டும் தடவினால் பரவாயில்லை.

அப்புறம் தேங்காய் எண்ணெய். இதில் ஈரமே கிடையாது. தாள் ஒவ்வொன்றும் அப்பளம் போல நொறுங்கியது. சுமார் 24 டிகிரியில் உருகிவிடும், அதனால் சென்னையில் அடுப்பே வேண்டாம், பாட்டிலிலிருந்து நேராகப் பிரஷ்ஷுக்கு. மார்கழி விடியற்காலையில் வேண்டுமானால் லேசாக உறையும். செக்கு எண்ணெயில் செய்தபோது பிஸ்தா மணம் அமுங்கிப்போய், "என்னடி, தேங்காய் பர்பியா?" என்றார் அம்மா. இப்போது மணமில்லாத சுத்திகரித்த எண்ணெய்தான். ஃப்ரிட்ஜில் வைத்தால் மட்டும் மெழுகு மாதிரி இறுகும், வெளியே வைத்துச் சாப்பிடுங்கள்.

எதைத் தடவினாலும் ஃபேனை நிறுத்திவிட்டு, மீதித் தாள்களை ஈரத்துணியால் மூடி வையுங்கள், காய்ந்தால் கிழியும்.