டெலோமரேஸ் டேட்டாபேஸ்: பல வருஷம் புழங்கியபின் சொல்கிறேன்

"நம்ம லேபிலும் இதே மாதிரி ஒன்று, பூஞ்சைகளுக்கு மட்டும் ஆரம்பிக்கலாமா?" என்று ஒரு நண்பர் கேட்டார். அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் சென் குழுவினர் உருவாக்கி, 2008-ல் நியூக்ளிக் ஆசிட்ஸ் ரிசர்ச் இதழில் அறிமுகம் செய்த டெலோமரேஸ் டேட்டாபேஸைச் சொல்கிறார்.

டெலோமரேஸ் என்பது குரோமோசோம்களின் முனைகளை நீட்டித் தரும் நொதி; டெர்ட் என்ற புரதமும் ஓர் ஆர்என்ஏவும் சேர்ந்தது. டெர்ட் புரதத்தைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. டெலோமரேஸ் உள்ள பெரும்பாலான உயிரிகளில் அதை ஓரளவு தேடிப் பிடித்துவிடலாம். உயிரை எடுப்பது அந்த ஆர்என்ஏதான். அதன் நீளம் டெட்ராஹைமினா என்ற ஒற்றைச்செல் உயிரியில் 159 நியூக்ளியோடைடு (ஆர்என்ஏவின் எழுத்துகள்), மனிதனில் 451, ரொட்டி ஈஸ்டில் ஆயிரத்துக்கும் மேல். மனித சீக்வென்ஸை (எழுத்து வரிசையை) பிளாஸ்ட் என்ற தேடல் மென்பொருளில் போட்டு ஈஸ்டில் தேடினால் ஒன்றும் சிக்காது. எழுத்துகள் மாறிவிடும், ஆர்என்ஏ மடிந்து நிற்கும் மடிப்புதான் மிஞ்சும். மடிப்பின் ஒரு பக்க எழுத்து மாறினால் எதிர்ப்பக்கத்தில் அதோடு ஜோடி சேரும் எழுத்தும் சேர்ந்து மாறியிருக்கிறதா என்று இனம் இனமாக ஒப்பிட்டுத்தான் அந்த மடிப்பைக் கண்டுபிடிக்க வேண்டும். இந்தத் தளத்தில் அப்படித் தேறிய வரைபடங்கள் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. டெம்ப்ளேட்டை (டிஎன்ஏவாகப் படியெடுக்கப்படும் பகுதியை) ஒட்டி வரும் சூடோநாட் என்ற முடிச்சு போன்ற மடிப்பை மீனிலும் மனிதனிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் எனக்கு இன்னும் அலுப்புத் தட்டவில்லை. நோய் தரும் மரபணு மாற்றங்களின் பட்டியலும் உண்டு. எனக்கு அதிகம் தேவைப்பட்டதில்லை.

எரிச்சல் வேறு இடத்தில். அராபிடாப்சிஸ் செடியின் டெலோமரேஸ் ஆர்என்ஏ இதுதான் என்று 2011-ல் ஒன்றைச் சொன்னார்கள். அது இல்லை, இன்னொன்று என்று 2019-ல் தெளிவானது. ஆனால் நான் தினமும் தேடும் ஒரு பொதுக் களஞ்சியத்தில் பழைய பெயர் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. போன மாதம் ஒரு மாணவி அதை நம்பி பிரைமரே (சோதனைக்கான சிறு டிஎன்ஏ துண்டு) டிசைன் செய்துவிட்டாள். அவளைத் திட்ட முடியுமா? ஒரு தடவை உள்ளே போன பெயரை வெளியே எடுக்க யாருக்கும் சம்பளம் கிடையாது. கட்டியவருக்குக் கட்டுரை கிடைக்கும். கூட்டிப் பெருக்குகிறவருக்கு என்ன கிடைக்கும்?

அதனால் இவ்வளவு புகழ்ந்த பிறகும் நண்பருக்கு என் பதில்: வேண்டாம். மீறி ஆரம்பித்தால், ஒவ்வொரு சீக்வென்ஸுக்கும் எதிரே "சோதனையில் உறுதியானதா, கணினிக் கணிப்பா" என்று ஒரு தனிப் பத்தி (column) இருக்கட்டும். அது இல்லாத எக்செல் ஷீட்டை எனக்கு அனுப்ப வேண்டாம்.