இலங்கை ஆறுகள் தேசப்படம்: வகுப்பறைச் சுவருக்குத் தகுமா?

மேல்வகுப்பு மாணவர்களுக்கெனத் தமிழில் அச்சிடப்பட்டுள்ள இந்தத் தேசப்படம், மத்திய மலைநாட்டைக் கடும்பழுப்பில் தீட்டி, அங்கிருந்து நாற்றிசையும் கடலை நோக்கி இறங்கும் ஆறுகளை நீலக் கோடுகளாகக் காட்டுகிறது. இவ்வாறு நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் ஆறுகள் பிரிந்தோடும் ஆரை வடிகால் அமைப்பைப் பாடநூலில் படித்தும் விளங்காத பிள்ளைக்கு இதை ஒருமுறை காட்டினாலே போதும். சிவனொளிபாதமலைப் பக்கமிருந்து புறப்படும் களனி கங்கை கொழும்பின் வட எல்லையிலும் களு கங்கை களுத்துறையிலும் கடலைச் சேர்வதும், 335 கிலோமீற்றர் நீளமான மகாவலி கண்டியை வளைந்து சென்று திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கலப்பதும் மிகத் தெளிவாகத் தெரிகின்றன. எழுத்துகளும் பின்வரிசையிலிருந்து வாசிக்கக்கூடிய அளவில் உள்ளன.

ஆனால், கோட்டின் தடிப்பை ஆற்றின் நீளத்துக்கேற்ப அமைத்தது சரியான முடிவல்ல. 164 கிலோமீற்றர் ஓடும் அருவியாறு தடித்தும், 129 கிலோமீற்றர் ஓடும் களு கங்கை மெலிந்தும் தெரிவதால், முன்னதில்தான் நீர் அதிகம் என்று மாணவர் எண்ணிவிடுவர். உண்மை நேர்மாறானது. ஈரவலய மழையைப் பெறும் களு கங்கை ஆண்டு முழுவதும் பெருகி ஓடி, இரத்தினபுரியை அடிக்கடி வெள்ளத்தில் ஆழ்த்துகிறது. உலர்வலயத்து அருவியாறோ வடகீழ்ப் பருவமழையை நம்பியிருப்பது, கோடையில் வற்றி ஒடுங்குவது.

இதைவிடப் பெரிய குறை, மனிதர் திருப்பிவிட்ட நீருக்குப் படத்தில் இடமே இல்லாதது. விக்டோரியா, ரந்தெனிகல அணைகள் குறிக்கப்பட்டிருக்கின்றன. ஆயினும் 1976 முதல் கண்டிக்கு அருகே பொல்கொல்லையில் மறிக்கப்படும் மகாவலி நீர், சுரங்கவழியே உக்குவெல சென்று, போவதென்னையிலிருந்து மீண்டும் சுரங்கவழியே கலாவெவக் குளத்தின் பக்கம் திருப்பப்படுவது காட்டப்படவில்லை. நாட்டின் பரப்பில் ஏறத்தாழ ஆறிலொரு பங்கைத் தன் வடிநிலமாகக் கொண்ட ஆறு, அவ்வடிநிலத்துக்கு வெளியேயுள்ள கலா ஓயாப் பகுதி வயல்களுக்கும் நீர் கொடுப்பதை விளக்காமல் மகாவலியைக் கற்பித்ததாகச் சொல்ல முடியாது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வழுக்கையாறும் விடுபட்டுள்ளது. மாரியில் மட்டும் ஓடுவதாயினும் அதைப் புள்ளிக்கோடாகவேனும் இட்டிருக்கலாம்.

இவ்வளவிருந்தும் வாங்கலாம் என்பதே என் கருத்து. திருத்திய பதிப்பு வரும்வரை, பொல்கொல்லையிலிருந்து கலாவெவ வரை ஆசிரியர்களே சிவப்பு மையால் ஒரு கோடு வரைந்துகொள்வது நல்லது.