ட்யூ டேட் மாற்றித் தருகிறோம் என்று கிரெடிட் கார்டு கம்பெனி சொன்னால் உஷார்: 5,028 ரூபாய் போனது

லேட் பேமெண்ட் சார்ஜ் 1,100 ரூபாய். வட்டி 3,161 ரூபாய். இரண்டுக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி 767 ரூபாய். மொத்தம் 5,028 ரூபாய் என் கிரெடிட் கார்டின் ஜூலை 15 ஸ்டேட்மெண்டில், அதாவது மாத பில்லில், ஏறி உட்கார்ந்திருக்கிறது. இத்தனைக்கும் கார்டில் ஒரு பைசா பாக்கி இல்லை. வங்கி ஆள் சொன்ன தேதியில், அவர்களே அனுப்பிய ஸ்டேட்மெண்டில் கொட்டை எழுத்தில் போட்டிருந்த தேதிக்குள், முழுத் தொகையும் கட்டியாகிவிட்டது. அப்படியும் 5,028 ரூபாய்!

வங்கியின் பெயர் வேண்டாம். ஊருக்கு நாலு கிளை வைத்திருக்கும் பெரிய தனியார் வங்கி, அவ்வளவுதான்.

நடந்தது இது. பழைய பில்லிங் சைக்கிளில் (மாதச் செலவைக் கூட்டி பில் போடும் சுற்று) ஸ்டேட்மெண்ட் மாதம் 2-ந் தேதி வரும், கட்ட வேண்டிய கடைசி நாள், அதாவது ட்யூ டேட், 22. சம்பளம் மாதக் கடைசியில் வருகிறவர்களுக்கு 22 என்பது கையில் காசு வற்றியிருக்கும் நேரம். பில்லிங் சைக்கிளை ஒரு முறையாவது மாற்றிக்கொள்ளும் வசதியை வாடிக்கையாளருக்குக் கொடுத்தாக வேண்டும் என்று 2024 மார்ச் 7-ல் ரிசர்வ் வங்கி திருத்திய கார்டு விதிகளில் இருக்கிறது. அதை வைத்து ஜூன் 10-ந் தேதி கஸ்டமர் கேரில் கேட்டது. ட்யூ டேட்டை நேரடியாக மாற்ற மாட்டார்கள். ஸ்டேட்மெண்ட் தேதியைத்தான் மாற்றுவார்கள், ட்யூ டேட் அதன் பின்னாலேயே சுமார் 20 நாள் தள்ளி வரும். 2-க்குப் பதில் 15, 22-க்குப் பதில் அடுத்த மாதம் 5.

ஏற்கெனவே ஜூன் 2-ல் ஒரு பில் வந்துவிட்டதே, அதில் 40,000 ரூபாய் இருக்கிறதே, அது என்னாகும் என்று நேராகவே கேட்டேன். அந்தத் தம்பி ஒரு நிமிஷம் லைனில் வைத்துவிட்டு வந்து சொன்ன பதில்: “சிஸ்டத்துல பாத்துட்டேன் சார். 15-ந் தேதி புது ஸ்டேட்மெண்ட் வரும். அந்த 40,000-மும் அதுலயே வந்துரும். 5-ந் தேதி கட்டினா போதும். 22-ந் தேதி இனிமே உங்களுக்குக் கிடையாது.” அவ்வளவு தெளிவாக, அவ்வளவு பொறுமையாகச் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்?

சொன்னபடியே ஜூன் 15-ல் ஸ்டேட்மெண்ட் வந்தது. முந்தைய பாக்கி 40,000, புதிய செலவு 12,000, மொத்தம் 52,000. கட்ட வேண்டிய கடைசி நாள் ஜூலை 5. அந்தத் தாளில் 22 என்ற எண்ணே எங்கும் இல்லை. 22-க்கு முன்னால் வழக்கமாக வரும் நினைவூட்டல் எஸ்எம்எஸ்-ஸும் வரவில்லை. ஜூலை 5-ல் 52,000-மும் கட்டியாயிற்று.

உள்ளே நடந்தது வேறு. ஒரு பில் உருவானதும் அதன் ட்யூ டேட் பூட்டப்பட்டுவிடும். சைக்கிள் மாற்றம் அடுத்த பில்லுக்குத்தான் பொருந்தும். இடையில் வந்த 13 நாள் குட்டி ஸ்டேட்மெண்ட் பழைய பாக்கியைத் தன் மொத்தத்தில் காட்டும், ஆனால் அதன் கெடுவை நீட்டாது. ஆக, சிஸ்டத்தின் கணக்கில் 40,000 ரூபாய் ஜூன் 22-ஐத் தாண்டி 13 நாள் தாமதம். ட்யூ டேட் கடந்து மூன்று நாளுக்கு மேல் போனால்தான் லேட் ஃபீ போடலாம் என்பது விதி. மூன்று நாள் முடிந்ததும் போட்டுவிட்டார்கள்.

வட்டிதான் பெரிய அடி. பழைய பில்லை உரிய நாளுக்குள் முழுதாகக் கட்டவில்லை என்று சிஸ்டம் முடிவு செய்துவிட்டால் வட்டியில்லாக் காலமே ரத்து. வட்டி ஜூன் 22-லிருந்து ஓடாது, பொருள் வாங்கிய நாளிலிருந்தே ஓடும். 40,000 ரூபாய்க்கு வாஷிங் மெஷின் வாங்கியது மே 10. ஜூலை 5 வரை 56 நாள். மாதம் 3.75 சதவீதம் என்றால் வருடத்துக்கு 45. நாளொன்றுக்கு 49 ரூபாய் 31 காசு வீதம் 2,761 ரூபாய் 64 காசு. ஜூன் 8-ல் வாங்கிய 12,000-க்கும் 27 நாளுக்கு 399 ரூபாய் 45 காசு, அதன் சொந்த ட்யூ டேட்டுக்குள் கட்டியிருந்தும்! ஜூன் 15-க்குப் பிறகு கார்டைத் தேய்த்திருந்தால் போட்ட பெட்ரோலுக்குக்கூட அன்றே வட்டி ஆரம்பித்திருக்கும்.

கேட்கப் போனால் கிடைத்த பதில்கள் இன்னும் கொதிக்க வைக்கின்றன. கஸ்டமர் கேர்: “அது சிஸ்டம் ஜெனரேட்டட் சார், எங்க கையில இல்ல.” கிளையில்: “கார்டு டிவிஷன் தனி சார், நாங்க பாக்கவே முடியாது.” ஜூன் 10 உரையாடலின் பதிவைக் கேளுங்கள் என்றால், “அது உள் உபயோகத்துக்கு மட்டும்.” புகார் எண் கொடுத்தார்கள். மறுநாளே ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று எஸ்எம்எஸ். என்ன தீர்த்தார்கள்? ஒன்றுமில்லை. மேலதிகாரிகளுக்கு எழுதியதும் இறங்கி வந்து, லேட் ஃபீயில் பாதி, 550 ரூபாய், நல்லெண்ண அடிப்படையில் திருப்பித் தருகிறோம், புகாரை மூடிக்கொள்கிறீர்களா என்றார்கள். போனது 5,028 ரூபாய், தருவது 550! அதே அழைப்பில் பெரிய பில்லை இஎம்ஐ ஆக்கித் தரட்டுமா என்றும் ஒரு விற்பனைப் பேச்சு.

வட்டி விகிதத்தைப் பிடித்துச் சண்டை போட்டுப் பயனில்லை. 30 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்ற தேசிய நுகர்வோர் ஆணையத்தின் 2008 தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20-ல் ரத்து செய்துவிட்டது. பிடிக்க வேண்டிய இடம் வேறு: தாமத நாளும் லேட் ஃபீயும் ஸ்டேட்மெண்டில் குறிப்பிட்ட ட்யூ டேட்டிலிருந்துதான் கணக்கிடப்பட வேண்டும் என்பது விதி. ஜூலை 5 என்று வங்கியே அச்சடித்து அனுப்பிய பின் எந்த ஸ்டேட்மெண்டின் ட்யூ டேட் செல்லும்? பில்லை ஆட்சேபித்தால் 30 நாளுக்குள் விளக்கமும், தேவையானால் ஆவணமும் கொடுக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. எழுத்தில் இதைத்தான் கேட்டிருக்கிறேன்.

சைக்கிள் மாற்றப் போகிறவர்களுக்கு அவசரமாகச் சில:

கையில் இருக்கும் பில்லை முதலில் முழுதாகக் கட்டுங்கள், பாக்கி பூஜ்யம் ஆனபின் மாற்றக் கேளுங்கள். யார் என்ன சொன்னாலும் வந்துவிட்ட பில்லுக்குப் பழைய தேதிதான். மினிமம் ட்யூ (பில்லில் குறைந்தபட்சமாகக் கட்டச் சொல்லும் தொகை) மட்டும் கட்டினால் லேட் ஃபீயிலிருந்துதான் தப்பலாம், வட்டியிலிருந்து தப்ப முடியாது.

வாய்மொழி உறுதி வேண்டாம். மின்னஞ்சலில் கேளுங்கள், ‘ஜூன் 2 பில்லின் கடைசி நாள் எது’ என்று தேதி போட்டே கேளுங்கள்.

வேறு வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் ஒரே தேதியில் பணம் போகும்படி போட்டு வைத்திருந்தால் அது தானாக மாறாது. நீங்களே மாற்ற வேண்டும்.

தகராறு ஓடும்போது அந்தத் தொகையைக் கட்டாமல் விட்டால் அதற்கும் லேட் ஃபீ விழலாம், சிபிலிலும் (நம் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் நிறுவனம்) போய் நிற்கலாம். ‘ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்’ என்று எழுதிவிட்டுக் கட்டுங்கள். இந்த 5,028-ஐயும் அப்படித்தான் கட்டியது.

திருப்பித் தந்தால் அதற்கான ஜிஎஸ்டியும் வந்ததா என்று பாருங்கள். 13 நாள் தாமதம் என்று சிபிலுக்குப் போயிருந்தால் அதையும் திருத்தச் சொல்லிக் கேளுங்கள்.

30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேன், அதாவது வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் அதிகாரி. ஆன்லைனில் புகார் கொடுக்கலாம், கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448. வங்கி கொடுத்த புகார் எண், இரண்டு ஸ்டேட்மெண்ட், பணம் கட்டிய ரசீது, எல்லாம் கையில் இருக்கட்டும்.

ட்யூ டேட் மாற்றித் தருகிறோம், ஓடிபி சொல்லுங்கள் என்று அவர்களாக யாராவது அழைத்தால் அது மோசடி. உடனே கட் பண்ணுங்கள்.